பெரியம்மா போட்ட உப்பு

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நிலத்துக்காகப் பிரிந்த குடும்பம் உங்களுக்குத் தெரியும். நகைக்காக, நடைவழிக்காக, ஒரு முருங்கை மரத்துக்காகப் பிரிந்த குடும்பமும் தெரிந்திருக்கும். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி, ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உலை வைக்க முடிவு செய்த குடும்பத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆரணியில், எங்கள் வீட்டிலேயே நடந்தது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மாத்திரை அட்டையைப் படிக்கவே கண்ணாடி தேடுகிறேன். டாக்டர் என் சாப்பாட்டிலேயே உப்பைப் பாதியாக்கிவிட்டார். ஆனாலும் அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. பெரியவர்கள் என்று நம்பி நாம் யார் மடியில் தூங்கினோமோ, அவர்கள் இப்படியும் இருப்பார்களா என்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றின் குழியில் பெரியப்பா, மற்றதில் அப்பா. அம்மா ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவாள், அறுந்த இழையைப் பிடித்துக் கொடுப்பாள், அப்பாவுக்கு இடுப்பு வலித்தால் தானே குழியில் இறங்கி நாலு விரற்கடை நெய்வாள். சமையல் முழுவதும் பெரியம்மா. அது ஒரு ஏற்பாடு. பெரியம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மட்டு. பட்டு இழை அவள் கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் தறிப் பக்கம் போய் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுவதையும் பாழாக்கிவிட்டாளாம். அன்றைக்கு அடுப்படிக்குள் போனவள்தான். இருபது வருடமாக அதற்குள் அவளுக்கு மேல் அதிகாரம் கிடையாது.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் நடக்கும், எங்கள் வீட்டில் நடக்காது. வாயில் வைத்தால் பானை முழுக்க எச்சில். பிறகு எப்படி உப்புப் பார்ப்பது? பெரியம்மா மோந்து பார்ப்பாள். மூடியைத் திறந்து, எழும்பும் ஆவிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் நாலு கல்லு" என்பாள். ஜாடிக்குள் கை போகும், நாலு கல் உப்பு விழும், அவ்வளவுதான். ஒரு நாளும் தப்பியதில்லை. அம்மாவும் நானும் அதே மாதிரி மூக்கை நீட்டிப் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு முகம் வெந்ததுதான் மிச்சம்.

சித்திரையில் வடகம். விடியற்காலையில் மாவைக் கிளறிக்கொண்டு மாடிக்குப் போவோம். பழைய வேட்டியில் பெரியம்மா ஊற்ற ஊற்ற நான் காக்கை ஓட்டிக்கொண்டே பாதி மாவைத் தின்று தீர்ப்பேன். கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் காலமென்பதால் கீழே தறி ஓயாது. மாங்காய் போட்ட பருப்பும் சுட்ட வடகமுமாகச் சாப்பாடு நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடி வந்தால் நேர்மாறு. ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டுப் புடவைக்குக் கிராக்கி இல்லை, முதலாளி பாவு கொடுப்பதைக் குறைத்துவிடுவார். வேலை குறைந்த வீட்டில் சாப்பாடு நீளும். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சிய கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலை பொடித்துத் தூவிய முருங்கைக்கீரை. அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை விட எங்கள் வீட்டுக் கூழுக்குத்தான் தெருவில் வாடிக்கை அதிகம். சின்னப் பிள்ளைகள் சொம்போடு வந்து நிற்பார்கள்.

புரட்டாசியில் கருவாட்டு ஜாடி பரணுக்குப் போய்விடும். சனிக்கிழமை வடையும் பாயசமும் போட்டு இலை. தேவிகாபுரம் பக்கத்திலிருந்து பச்சை வேர்க்கடலை மூட்டையாக வந்து இறங்கும். அதை மண்ணோடு கழுவி உப்புப் போட்டு வேக வைப்பாள். ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை உறிஞ்சுவதற்காகவே நான் அந்த மாதத்துக்குக் காத்திருப்பேன். ஐப்பசியில் தீபாவளிப் புடவைகளின் அவசரம். அப்போது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் குழியை விட்டு எழக்கூட நேரமிருக்காது. எண்ணெய்க் கை பட்டில் பட்டால் கறை. அதனால் பெரியம்மா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து என்னிடம் கொடுத்து அனுப்புவாள். நான் அவர்கள் வாயில் ஊட்டிவிடுவேன். மென்றுகொண்டே பெரியப்பா "உங்க பெரியம்மா கைக்கு ஜரிகை போட்டு வளையல் பண்ணணும் கண்ணு" என்பார்.

இந்த மனிதர்தான், நாலே மாதத்தில், இதே கையை நம்ப மாட்டேன் என்று சொன்னவர்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எங்களுக்கு வந்து போனது. பெரியம்மாவுக்கு மட்டும் வந்து தங்கிவிட்டது. மூக்கடைப்பும் இருமலுமாகப் பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மா தறி வேலையை விட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சினாள். பெரியம்மா தேறி எழுந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போன அன்றைக்குத்தான் வீட்டுக்கே உயிர் வந்தது. வழக்கம்போல மூடியைத் திறந்தாள், முகத்தைக் கொண்டுபோனாள். ஆனால் அன்றைக்கு நீண்ட நேரம் அப்படியே நின்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன பயன், பதினோரு வயதுப் பெண்ணுக்கு அதில் என்ன தெரியும்?

கார்த்திகைத் தீபத்தன்று அடை. ஒரு விள்ளல் வாயில் வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொம்புக்குக் கை நீட்டினோம். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "இன்னா இது, கடல் தண்ணியிலயா மாவு கரைச்ச?" என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை. "மாவு புளிச்சிடுச்சி" என்று மட்டும் சொன்னாள். அது பதிலே இல்லை. ஆனால் பண்டிகை நாளில் யார் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்? பொரி உருண்டையைத் தின்றுவிட்டு விளக்கு வைக்கப் போனோம்.

மார்கழியில் அது விளையாட்டாக இல்லை. ஒரு நாள் குழம்பில் உப்பே இருக்காது. மறுநாள் ரசம் வாயில் வைக்க முடியாது. பருப்பு அடிபிடித்துக் கருகும் நாற்றம் தறிக்கூடம் வரைக்கும் வந்து, அம்மா ராட்டையிலிருந்தே "அக்கா, தீயுது!" என்று கத்துவாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெரியம்மா அப்போதுதான் திடுக்கிட்டுப் பானையை இறக்குவாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பால் சட்டியை நீட்டி, "கண்ணு, மோந்து பாரு, எதனா வாசன வருதா?" என்றாள். "திரிஞ்சி போச்சி பெரிம்மா, நாறுது" என்றேன். "அப்டியா, சும்மா கேட்டேன்" என்று கொண்டுபோய்க் கொட்டினாள். இன்னொரு நாள் ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்தப் பானைக்கு நான் எத்தினி கை உப்பு போடுவேன், உனக்கு ஞாபகம் கீதா?" என்று கேட்டாள். சமைக்கிறவளுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஓடிவிட்டேன்.

பொங்கலுக்குப் போளூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வாய் ஓயாதவள். அவள் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், மொச்சைக் கொட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூடை நிறையக் கொண்டுவருவாள். படைத்து முடித்து இலை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் மேல் பெரியம்மா தாராளமாக நெய் ஊற்றினாள். அத்தை முதல் வாயை எடுத்து வைத்ததும் முகம் கோணிக்கொண்டது. எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடித் துப்பினாள். நெய் கெட்டுச் சிக்கு வாடை அடித்தது. ஊற்றும்போதே எனக்கும் அந்த வாடை வந்தது. பெரியம்மா கையில் நெய்க் கிண்ணத்தோடு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?" என்றாள். அவள் நடிக்கிறாள் என்று அத்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கிணற்றடியில் அத்தை அப்பாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பாத்திரம் விளக்குகிற சாக்கில் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, உனக்கு ஒன்னும் புரியலயா? இத்தினி வருசம் தப்பாத கை இப்ப எப்டி தப்பும்? வேணும்னே போடறாங்க பெரியண்ணி."

"வேணும்னே எதுக்குப் போடணும்?"

"சோத்துல உப்பு போட்டுத்தானே தின்றன்னு யாரைக் கேப்பாங்க? சொரணை கெட்டவனைத்தானே கேப்பாங்க? அதான். வாய் தொறந்து சொல்லாம உப்பப் போட்டு சொல்றாங்க. புள்ள ராணிப்பேட்டையில வேலைக்குப் போயிட்டான், கை நெறைய சம்பாரிக்கறான். இன்னும் எதுக்கு இவன் குடும்பம் எங்க அடுப்புலயே குந்திக்கினு கீதுன்னு கேக்கறாங்க. உனக்கு சொரணை வரணுமாம்!"

பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணன், அந்த ஆனி மாதம்தான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். அது உண்மை. மற்றதெல்லாம் அத்தை நெய்தது. அப்பாவுக்கு ஏற்கெனவே முன்கோபம். அவர் முகம் சிவந்துபோனதை நான் பார்த்தேன். என் கணக்குப் பாடத்தில் ஒரு விடுகணக்கை மூன்று தரம் சொன்னாலும் புரியாத மனிதருக்கு இந்தக் கணக்கு மட்டும் ஒரே தரத்தில் புரிந்துவிட்டது. இதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. உப்பு கூடினால் கை தவறிவிட்டது என்று நினைக்கலாம். கண் தெரியவில்லை, உடம்பு சரியில்லை, மனசு எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கலாம். நம் ஆட்கள் அதில் ஒரு வசவைக் கண்டுபிடித்தார்கள்! சொரணை கெட்டவனே என்று குழம்பு பேசுகிறதாம்!

அன்றிலிருந்து அப்பா ஒவ்வொரு சாப்பாட்டிலும் அந்த வசவைத் தேடினார். உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். உப்பு இல்லாவிட்டாலும் எழுந்தார், "இன்னிக்கு உப்பு கூட போட மனசு வரல பாரு" என்று. பெரியம்மாவோடு பேசக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டார். அம்மா பேசாமல் இருந்தாள். ஒரே அடுப்படியில் ஒருத்தி காய் நறுக்கிக் கொடுப்பாள், ஒருத்தி வாங்கிக் குழம்பில் போடுவாள், இரண்டு பேருக்கும் நடுவில் கத்தி வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பேசிச் சிரித்துக்கொண்டே சமைத்த இரண்டு பேர் அவர்கள்.

மாசியில் அண்ணன் கேஸ் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்தான். புகையில் தன் அம்மாவின் கண் இன்னும் கெடுகிறது என்று பாவம், ஆசையாக வாங்கி வந்தான். பொருத்த வந்த ஆள் அடுப்படியில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினான். திருகு இப்படித் திருப்பணும், ட்யூப் கழண்டா இப்படி மாட்டணும், கெட்டுப்போன முட்டைக்கோஸ் மாதிரி நாத்தம் வந்தா நெருப்பு கிட்டயே போகக் கூடாது. நாங்கள் மேளம் கேட்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். அப்பா மட்டும் வாசலிலேயே நின்றார். அண்ணன் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் மத்தியானம், தறியிரண்டும் ஓய்ந்திருந்தபோது, அவர் பெரியப்பாவிடம் சொன்னார்:

"அடுப்பே வந்து எறங்கிடுச்சி. இனி இன்னாத்துக்கு பேஜாரு? தனித்தனியா ஒலை வெச்சுக்கலாம்."

பெரியப்பா மறுப்பார், திட்டுவார், இழை ஓட்டும் நாடாவைத் தூக்கி எறிவார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெகு நேரம் தறியில் கிடந்த மாம்பழக் கலர் கல்யாணப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அவ செய்யறது ஒன்னும் பிடிக்கல. அந்தக் கைய இனி நம்ப முடியாது. இந்தப் புடவை தறியை விட்டு எறங்கட்டும், பிரிச்சிக்கலாம்" என்றார். பின்பக்கத் தகரக் கொட்டகை பெரியப்பா குடும்பத்துக்கு என்று முடிவானது. கேட்டீர்களா? தான் கட்டிக்கொண்டு வந்தவளை உள்ளே கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை வெளியே அனுப்பும் முடிவை அவளைத் தவிர எல்லோரும் எடுத்தார்கள். அவள் அப்போது உள்ளே எங்களுக்காக வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். அது கருகிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு காலை. எனக்குப் பரீட்சை விடுமுறை. புடவை இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நெய்துகொண்டிருந்தார்கள். நான் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து தார்க் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாற்றம் வந்தது. சாக்கடையாக இருக்கும் என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மாவும் முகத்தைச் சுளித்தாள். நாற்றம் தெருப் பக்கமிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது. அம்மாவின் கை ராட்டையில் நின்றுபோனது. என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி தார்க் கூடையைத் தாண்டிக் குதித்து ஓடினாள்.

நானும் பின்னால் ஓடினேன். அடுப்படிக்குள் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ட்யூப் கழன்று தொங்கியது, கூரையில் தட்டுகிற சத்தம் ஒரு நொடி நின்றபோது, புஸ் என்று பாம்பு சீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மழை ஓட்டை அடைக்க வந்த ஆள் அதுவரை மேலே தகரம் தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் பெரியம்மாவுக்கு அது கேட்டிருக்காது. அவள் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், நிதானமாக, கையில் தீப்பெட்டியோடு. ஒரு குச்சியைக் கிழித்துவிட்டிருந்தாள். அது நமுத்துப்போன குச்சி, பற்றவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

அம்மா பாய்ந்து அந்தக் கையிலேயே அடித்தாள். தீப்பெட்டி பறந்து மாவுப் பானைக்குள் விழுந்தது. சிலிண்டரைத் திருகி மூடினாள், பின்கதவை உதைத்துத் திறந்தாள், பெரியம்மாவின் தோளைப் பிடித்துத் தரதரவென்று தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் ஓடி வந்தார்கள். நாற்றமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அப்பா சொன்னதை நான் எழுதத்தான் வேண்டும். வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"பிரியறதுக்குள்ள வீட்டையே கொளுத்திடலாம்னு பாத்தீங்களா அண்ணி?"

பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிபட்ட கையைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். "இன்னா தம்பி சொல்றீங்க? ஒலை வெக்கலாம்னு அடுப்பு பத்த வெச்சேன். அதுக்கு எதுக்கு இவ என்ன அடிக்கறா?"

"இத்தினி நாத்தத்துல நெருப்பு வெப்பாங்களா யாராவது?" என்று பெரியப்பா கத்தினார்.

"இன்னா நாத்தம்?" என்றாள் பெரியம்மா.

அம்மாதான் முதலில் அசைந்தாள். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய், கருவாட்டு ஜாடியை எடுத்து வந்தாள். பெரியம்மாவின் பின்னால் நின்று, இடது கையால் அவள் கண்களைப் பொத்தினாள். ஜாடியைத் திறந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தாள். நாலடி தள்ளி நின்ற எனக்கே குப்பென்று அடித்தது.

"அக்கா, இது இன்னா சொல்லுங்க."

பெரியம்மா மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை போல் அம்மாவின் கைக்குள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"காப்பித்தூளா?" என்றாள்.

"இல்ல, இல்ல, பெருங்காயம்" என்றாள் அவசரமாக. அம்மா கையை எடுத்துவிட்டாள். பெரியம்மா ஜாடியைப் பார்த்தாள், கருவாட்டைப் பார்த்தாள், அப்படியே துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசிக் காய்ச்சலில் போனதாம். மூக்கும் போயிற்று, நாக்கும் போயிற்று. எதைத் தின்றாலும் உமியை மெல்லுவது போல் இருக்கிறதாம். சளி குறைந்தால் சரியாகிவிடும் என்று கார்த்திகை முழுக்கக் காத்திருந்தாளாம். மிளகை மென்று பார்த்தாளாம், ஓமத்தைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தாளாம். உப்பைக் கை அளவில் போட ஆரம்பித்தாளாம், ஆனால் இத்தனை வருடம் மூக்கால் போட்ட உப்புக்குக் கையில் அளவு இல்லை. பெரியப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?" என்றார்.

"சொல்லியிருந்தா அடுப்படிக்குள்ள விட்டிருப்பீங்களா?" என்றாள் பெரியம்மா. "கண்ணு தறிக்கு ஒதவாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்க. மூக்கும் அடுப்புக்கு ஒதவாதுன்னு தெரிஞ்சா, நான் இந்த வீட்ல எங்க குந்தறது?"

நம்மில் பலருக்கு அந்தக் கொரோனா நாட்களில் மணமும் ருசியும் போய்த் திரும்பி வந்தன. எனக்கு மூன்று வாரம் போயிற்று. டீயும் வெந்நீரும் ஒன்றாக இருந்தபோது நான் அழுதேன். என் கணவர், பிள்ளைகள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி, எல்லோரும் தினம் விசாரித்தார்கள். பெரியம்மா மழைக்காலத்திலிருந்து வெயில்காலம் வரைக்கும் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளை சமைத்துப் போட்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை விட மோசம், எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா அன்று மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "அண்ணி, தனி ஒலையெல்லாம் வேணாம். விட்டுடுங்க. எப்பவும் போல இருக்கலாம். அவ சமைக்கட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். பெரிய மனசு என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பெரியம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வேணாம் தம்பி. புடவை எறங்கனதும் பிரிச்சிடுங்க" என்றாள்.

"அதான் தப்பா நெனச்சிட்டோம்னு சொல்றேனே."

"உப்பு கூடனா என் மனசுல இன்னா கீதுன்னு எல்லாரும் பாத்தீங்க. உனக்கு உடம்பு இன்னான்னு ஒருத்தர் கேக்கல. நாளைக்குக் கரண்டி கை தவறி கீழ விழுந்தா அதுக்கு இன்னா அர்த்தம் பண்ணுவீங்களோ, எனக்கு பயமா கீது. நான் பயந்துக்கினு சாப்பிட மாட்டேன்."

பிரியப் பார்க்கிறாள் என்று யார்மீது பழி போட்டார்களோ, அவள் அதுவரைக்கும் பிரிவைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதவள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளே அதைக் கேட்டாள். பெரியப்பா எவ்வளவோ சொன்னார். அம்மா காலில் விழாத குறை. பெரியம்மா அசையவில்லை. புடவை இறங்கியது. அவள் தன் பங்குப் பானைகளைத் தானே எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போனாள். கேஸ் அடுப்பை எங்களிடமே விட்டுவிட்டு விறகடுப்பு போட்டுக்கொண்டாள். நெருப்பு கண்ணுக்குத் தெரியுமாம்.

சில வாரத்தில் சித்திரை பிறந்தது. வருடப் பிறப்பன்று அம்மா வடை சுட்டாள். உப்பு சரியாக இருந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பத்து மணிவாக்கில் கொட்டகையிலிருந்து பெரியம்மா ஒரு கிண்ணத்தில் மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பினாள். வேப்பம்பூ தாளித்துப் போட்டிருந்தாள். அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலால் வழித்து முழுவதையும் சாப்பிட்டார். எனக்கு அடியில் ஒரு வாய்தான் கிடைத்தது. "கிண்ணத்தக் கழுவிக் குடுத்துட்டு, ரொம்ப நல்லா இருந்துச்சின்னு சொல்லிட்டு வா" என்றார்.

நான் போய் அப்படியே சொன்னேன். பெரியம்மா புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நல்லா இருந்துச்சின்னு அவங்க சொல்லட்டும். நீ எனக்கு சரியா சொல்லு கண்ணு. வாயில வெச்சதும் எது முன்னால வந்துச்சி? வெல்லமா, மாங்காயா?"

நான் யோசித்தேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "மாங்கா பெரிம்மா. பல்லு கூசுச்சி. அப்புறம்தான் வெல்லம் வந்துச்சி."

"ம். வேப்பம்பூ?"

"அது கடைசில. முழுங்கனப்புறம். தொண்டையில கசந்துச்சி."

"கசந்து, அப்புறம்?"

"அப்புறம் தண்ணி குடிச்சேன். தண்ணி இனிச்சுது."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்கினாள். "அப்டியா, இனிச்சுதா" என்றாள். பிறகு கண்ணைத் திறக்காமலேயே, "காலையில உங்கம்மா வடை சுட்டா இல்ல? அதுவும் சொல்லு" என்றாள்.